மழையில் நிற்கும் ஆள்

"ஒரு ஆள் மழையில நிற்கிற மாதிரி வரைங்க. பத்து நிமிஷம் இருக்கு."

மனிதவளத் துறைப் பெண் இப்படிச் சொல்லிவிட்டு வெள்ளைத் தாள்களை நீட்டியபோது, அனீபாலுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

இரண்டு மாதமாக அவர் வேறு எதைத்தான் வரைந்துகொண்டிருந்தார்?

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் வேலை தேடி அலைகிற எல்லோருக்கும் இந்த மழையைத் தெரியும். பெரிய கம்பெனி என்றால் பேச்சுக்கு முன்னால் படம். வாய் மறைப்பதைப் பென்சில் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும்.

குடை இல்லையென்றால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவன். மின்னல் போட்டால் வீட்டில் சண்டை. காலடியில் தரை இல்லாவிட்டால் நிலையில்லாத புத்தி. சட்டைக்குப் பொத்தான் வைத்தால் அம்மா பிள்ளையாம், அதுவும் ஐம்பத்து மூன்று வயதில்.

இதையெல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்து, இணையத்தில் துழாவி, சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவர் மனைவி தெல்மா.

முதல் நாள் அவர் வரைந்த ஆள், தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"இதைப் பாத்தா உன்னை வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க குண்டா, ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்பிடுவாங்க" என்றாள் தெல்மா, மாத்தே தேநீரை உறிஞ்சியபடி.

"நான் வாழ்க்கையிலேயே குடை பிடிச்சதில்லடி."

"வாழ்க்கையில வேணாம். தாள்ல பிடி."

படம் முடிந்தால் கேள்வி பதில். "உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க. வேலையில இறங்கிட்டா எனக்கு நேரம் போறதே தெரியாதுன்னு சொல்லணும்."

"மத்தியானம் தூங்குவேனே?"

"அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அவளுக்கும் உள்ளூரப் பயம், அவருக்கும் பயம். டிராக்டர் தொழிற்சாலையை இழுத்து மூடி இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து தெல்மா காலையில் ஒரு கிளினிக்கில் தரை துடைக்கிறாள், சாயங்காலம் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள். நாடு முழுக்கப் பால் விற்கிற இந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் அவரை நேர்முகத்துக்கு அழைக்கவில்லை. இந்தக் கிடங்கு மேற்பார்வை வேலையும் கைநழுவிப் போனால், பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுவதுதான் இனி அவருடைய உத்தியோகம். அதை நினைத்தாலே அவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது.

அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லா மேசையிலும் குடைதான். பக்கத்து மேசை இளைஞன் விட்டால் இரண்டு குடை போட்டுவிடுவான் போலிருந்தது, அவ்வளவு அக்கறை.

அனீபால் மளமளவென்று வரைந்தார். தரை வந்தது, ஷூ வந்தது, பொத்தான் இல்லாத சட்டையும் முகத்தில் ஒரு புன்னகையும் வந்தன. மேலே நல்ல அகலமான குடை, நேரான கம்பு. ஓரிடத்தில் மட்டும் பென்சில் தயங்கி நின்றது. அதையும் எப்படியோ சமாளித்து, முதல் ஆளாகத் தாளைக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் மேசையில் குடைகள் குவிந்து கிடந்தன. "நல்லா வரைஞ்சிருக்கீங்க சார்" என்றார். எல்லோரிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். பிறகு தாளைக் கிட்டத்தில் இழுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள இருக்கே?"

இருந்தது. அனீபாலுக்கு விரல் வராது. போட்டால் கேரட் கட்டு மாதிரி இருக்கும். வீட்டில் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும், "தள்ளு, நான் போடுறேன்" என்று தெல்மாவே பென்சிலைப் பிடுங்கிக் கையை வரைந்துவிடுவாள். இங்கே தெல்மா இல்லை.

"அப்போ குடையை யாரு பிடிச்சிருக்காங்க?"

பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. இதற்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

"என் பொண்டாட்டி" என்றார்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவங்க படத்துல இல்லையே சார்?"

"வேலைக்குப் போயிருக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ரெண்டு வேலை பாக்குறா மேடம். ராத்திரி வந்து கால நீட்டினா, செருப்பக் கழட்டுறதுக்குள்ள தூங்கிடுறா. அதுல ஒரு வேலையையாவது அவ விடணும். அதுக்குத்தான் நான் வந்தேன்."

எல்லாம் போயிற்று என்று நினைத்தார். இரண்டு மாதப் பாடத்தை இரண்டே நிமிடத்தில் பாழாக்கிவிட்டு, எந்த முகத்தோடு அவளிடம் போய் நிற்பது?

அந்தப் பெண் தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிட்டு, அலுவலகக் குரலில் கேட்டார்.

"எங்க நிறுவனத்துல ஏன் சேரணும்னு நினைக்கிறீங்க?"

அனீபாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது மனப்பாடம். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நிறுவனத்தின் உயர்ந்த லட்சியங்கள், எல்லோரும் ஒரே குடும்பமாக உழைக்கிற பண்பாடு, தரத்தின் மேல் தனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிற தீராத பற்று. தெல்மா சொல்லிக்கொடுத்தது ஒரு சொல் பிசகாமல் வந்தது.

அனீபால் முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேனாவைத் தொடவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலை அவர் முன்னமே எழுதி முடித்திருந்தார்.