அடிக்காமல் பிடிக்கும் முறை

"ஓடி வாங்க! பொலிஸ்காரன் றாஹிலாவப் போட்டு அடிக்கிறான்!"

வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுச் சபூறா போட்ட சத்தத்தில் மருதமுனையின் அந்தக் குறுகிய ஒழுங்கையே கூடிவிட்டது. பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி ஓடி வந்தார்கள்.

வீட்டுக்குள் 'தொம்' என்று ஏதோ விழுந்தது. "யா அல்லாஹ்!" என்றொரு முனகல். மறுபடியும் 'தொம்'.

பொலிஸ்காரன் முனாப் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து எட்டு மாதம்தான். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். சுற்றிவர இருப்பதெல்லாம் பெண்ணின் சொந்தம். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு பெண்ணின் மேல் கை வைக்கிறான் என்றால் எவ்வளவு திமிர்!

வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தவர் கச்சிமுகம்மது. றாஹிலாவின் தாய்மாமன், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். தாயும் தகப்பனும் மௌத்தான பிறகு அவளுக்கு எல்லாம் அவர்தான். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஆசியா உம்மா, அதற்குப் பின்னால் ஊர்.

"கதவத் திறடா!"

றாஹிலாதான் திறந்தாள். முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கியது. பின்னால் கிழிந்த பெனியனோடு முனாப் நின்றான்.

"மாமா, நீங்க நினைக்கிறாப்போல ஒண்டுமில்ல..."

"நீ கதைக்காத மகள். அடி வாங்கின பொம்புளையெல்லாம் இப்பிடித்தான் சொல்லும். எனக்குத் தெரியாதா?" முனாப் பக்கம் திரும்பினார். "பொலிஸெண்டா பொஞ்சாதிக்கு அடிக்கலாமெண்டு சட்டமா? தூக்கடா பெட்டிய! இப்பவே ஒன்ட உம்மாட ஊட்டுக்குப் போ!"

சபூறா சும்மா இருப்பாளா? உள்ளே ஓடி, அவனுடைய தகரப் பெட்டியை இழுத்துவந்து முற்றத்தில் வைத்துவிட்டாள். பெட்டி படலையைத் தாண்டிவிட்டால் கலியாணம் முறிந்த மாதிரித்தான்.

"வாயத் திறந்து சொல்லுங்களன்!" என்று றாஹிலா கணவனிடம் கெஞ்சினாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல வெட்கம்.

"அப்ப நான் சொல்றன். ஸ்டேஷன்ல புதுசா ஒரு பயிற்சி. கள்ளனெண்டாலும் கை நீட்டப்படாது, பொல்லுத் தூக்கப்படாது. மணிக்கட்டப் புடிச்சி, முழங்கைய மடக்கி, நோகாம நிலத்துல இருத்தோணும். போன முற இவர் சோதினையில தோத்துட்டாரு. நாளையண்டைக்கும் தோத்தா மொனராகலைக் காட்டுக்கு மாத்திப் போட்டுருவாங்க! அதத்தான் ஊட்டுல ரெண்டு பேரும் பழகுறம்!"

"அதுக்கு ஒனக்கு அடிச்சிப் பழகுறானா?"

"மாமா, அவர் எங்க அடிச்ச? நாந்தான் அவர விழுத்துறன்!"

"பொய்" என்றார் மாமா.

"அப்ப பாருங்க. ஏங்க, கையப் புடிங்க!"

முனாப் தயங்கித் தயங்கி அவளோடு முற்றத்தில் இறங்கி, அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவ்வளவுதான். அவள் கையைத் திருப்பியதும் தெரியவில்லை, கால் மாற்றி வைத்ததும் தெரியவில்லை. பத்து வயதில் தொடங்கித் தறியில் உழைத்த கை! பொலிஸ்காரர் மணலில் மல்லாந்து கிடந்தார்.

"அல்லாஹு அக்பர்!" என்று யாரோ கத்தினார்கள். பொடியன்கள் விசிலடித்தார்கள். முனாப் எழும்பியதும் கிழிந்த பெனியனுக்குள் தெரிந்த முதுகைப் பார்த்த பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதுகு முழுக்க நீலம்.

மாமாவுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

"பொம்புளைக்கிட்ட விழுறது பெரிய விசயமா? இந்தா, ஆம்புளையெண்டா என்னய மடக்குடா பாப்பம்!"

சொல்லிக்கொண்டே அவர் கையை ஓங்கினார்.

"தோளப் பாருங்க, கையப் பாக்காதீங்க!" என்று கத்தினாள் றாஹிலா.

ஓங்கிய கை பாதியில் நின்றது. முனாப் பிடித்தான், திருப்பினான், முழங்கையை மடக்கினான். மரைக்கார் தலையில் தொப்பிகூடச் சரியாமல், தொழுகை இருப்பில் இருக்கிறவர் போல மணலில் அமர்ந்திருந்தார். முனாப் முதன்முதலாகப் பிழையில்லாமல் செய்தது அப்போதுதான்!

"நோகுதா மாமா?"

"இல்லடா மருமகன்! ஆனா அசைய ஏலாம இரிக்கி!"

ஒழுங்கையே குலுங்கிச் சிரித்தது. அவன் இனி மொனராகலைக்குப் போக மாட்டான் என்று றாஹிலாவுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதாள். சபூறா அசடு வழியப் பெட்டியைத் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

மாமா எழுந்து, உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"ஒண்டு மட்டும் சொல்றன் கேளுங்க. பொம்புளைக்குக் கை நீட்டுறவன் மனிசனே இல்ல!"

எல்லோரும் ஆமோதித்தார்கள். அவர் முன்னால் நடக்க, கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

ஆசியா உம்மா மட்டும் போகவில்லை.

"என்ன மாமி, தேத்தண்ணி ஊத்தட்டா?"

"வேணாம் மகள்."

படலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, றாஹிலாவின் காதோரம் குனிந்தாள்.

"ஊட்டுல மாமா கைய ஓங்கக்குள்ள எப்பிடிப் புடிக்கிறெண்டு எனக்கும் காட்டித் தாறியா?"