உப்பளத்துக்கென ஒரு சட்டம்

கடும் வெயிலில் வேலையை நிறுத்தச் சொல்லும் சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக இருந்தது போய், ஊருக்கு ஊர் சட்டம் வந்துவிட்ட காலம் அது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலைபார்த்த சகாயமேரி, இரண்டு வருடமாகப் உப்புப் பாத்தியின் சூட்டைத் தினமும் அளந்து அரசுக்கு அனுப்பிவந்தாள். நகரத்தில் நண்பகலில் அடிக்கும் சூடு உப்பின்மேல் எட்டு மணிக்கே ஏறிவிடுகிறது என்று அதில் தெரிந்தது.

தினமும் விடியுமுன் தொடங்கி மதியம்வரை நடக்கும் வேலை, அன்று காலை எட்டுக்கே சங்கு ஊதி நின்றது.

"வேலை முடிஞ்சிட்டு, கெளம்புங்க. புதுச் சட்டப்படி முழுக்கூலி உண்டு," என்றார் கங்காணி.

"யாருண்ணே போட்ட சட்டம்?" என்று கேட்டாள் சகாயமேரி.

"நம்ம அளத்துக்குன்னே வந்ததும்மா. ஆராய்ஞ்சது யாருங்கிற எடத்துல உம் பேருதான் இருக்கு."

சகாயமேரி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் பயந்துபோனாள்.

"ஏம்மா, மயக்கம் வந்துட்டா?"

"நல்லாத்தாம்ளா இருக்கேன். திரும்பி உக்காரு."

பள்ளிக்குப் போகும் மகளுக்கு அவள் தலைபின்னிவிட்டது அன்றுதான் முதல் முறை.