லீடரின் பிளாஸ்திரி

வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மருத்துவ வகுப்பின் லீடர் மேசைமேல் ஏறி நின்றாள். அவள் இடது மேல்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி கடைசி பெஞ்சு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

“பாத்தீங்கல்ல? எறும்பு கடிச்ச மாதிரி, அவ்வளவுதான். எச்.பி.வி. தடுப்பூசி முகாம் இன்னிக்கு ஒரு நாள்தான். டாக்டராகப் போற நாமளே போட்டுக்கலேன்னா, வர்ற பேஷண்ட்டுக்கு என்னத்தச் சொல்றது?”

“அது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத்தானே? எங்களுக்கு எதுக்கு?” என்றான் தாடிக்காரன்.

“தொண்டையிலயும் வரும்டா. உன்கிட்ட ஒழுங்கா வேலை செய்யறதே அது ஒண்ணுதானே.”

வகுப்பே சிரித்தது. லீடரும் சிரித்தாள். பிளாஸ்திரிக்கு அடியில் ஊசி பட்ட தடமே இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்தவர் கையில் ஊசி குத்த அவள் அசர மாட்டாள். தனக்கென்று வந்தால் மட்டும் கண் இருட்டிக்கொண்டு வரும். காலையில் முகாம் அறை வாசல்வரை போனவள், வராந்தா மேசையிலிருந்த பெட்டியில் ஒரு பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிட்டாள். உள்ளே இருந்த நர்ஸம்மா பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் கேன்டீன், நூலகம் என்று எங்கே திரும்பினாலும் பிளாஸ்திரி ஒட்டிய கைகள். எல்லாரும் தன்னை நம்பித்தானே போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்ததும் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

முந்தின நாள் வார்டில், கருப்பைவாய்ப் புற்றுநோயோடு படுத்திருந்த பெண் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒரு ஊசி இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியேம்மா” என்றிருந்தாள். எல்லாம் தெரிந்த தான் செய்திருக்கும் காரியம் இது.

மாடிப்படி ஏறும்போது, ஹாஸ்டலில் எல்லாரும் குட்டி என்று கூப்பிடும் முதலாண்டு மாணவி ஓடி வந்தாள்.

“அக்கா, பையை என்கிட்ட குடுங்க. ஊசி போட்ட கை வலிக்கும்ல?”

“உன் கையிலயும்தானே பிளாஸ்திரி இருக்கு?”

“எனக்கு வலியே இல்லக்கா.” அந்தக் கையாலேயே பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, லீடரின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள் குட்டி.

ஊசி குத்தியிருந்தால்கூட லீடருக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒரு பொய்க்குப் போய் இத்தனை அன்பா?

முகாம் முடிகிற நேரம். ‘ஆண்டவனே, மயங்கி விழுந்தாலும் பரவாயில்லை, இந்தப் பொய்யோடு என்னைப் படுக்க விடாதே’ என்று வேண்டிக்கொண்டே அறைக்கு ஓடினாள். வாசலில் நின்று பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு ஊசி போடச் சொல்ல வேண்டும். கல்லூரியே போட்டுக்கொண்ட பிறகு, தனக்கென்று ஒன்றாவது மிஞ்சியிருக்குமா?

நர்ஸம்மா வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, மருந்து வைக்கும் குளிர்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“பிளாஸ்திரி தீர்ந்துபோச்சும்மா. ஊசிதான் அப்படியே இருக்கு.”