நானூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

கணக்கு உதைத்தது.

ஆண்கள் நூற்று எண்பத்தெட்டு. பெண்கள் இருநூற்று இருபத்து நான்கு. கூட்டினால் நானூற்றுப் பன்னிரண்டு. ஆனால் கீழே சிவப்புப் பென்சிலால் இரட்டைக் கோடு போட்டு, மொத்த மக்கள் தொகை நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதியிருந்தது.

நாட்டின் அதிபர் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் காலை ஆட்டிக்கொண்டு, நான் சரிபார்த்து முடிக்கக் காத்திருந்தாள். வயது ஒன்பது. என் மனைவியின் மகள்.

என் மகள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்னைக் கூப்பிட அவளிடம் இன்னும் ஒரு சொல் இல்லை. 'இந்தாங்க', 'இங்க பாருங்க' என்பதோடு சரி.

அந்த நாட்டை அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் வைத்திருக்கிறாள். அதற்கு இன்னும் பெயர் கிடையாது. முதலில் ஆள் சேரட்டும், பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கொள்கை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை கணக்கெடுப்பு. பள்ளி வேன் ஓட்டுநர் உண்டு, தெருமுனைத் தையல்காரர் உண்டு, பல் மருத்துவர்கள் மட்டும் மூன்று பேர். கணக்கு டீச்சரை இரண்டு தடவை நாடு கடத்தி, இரண்டு தடவையும் திரும்ப அழைத்தாயிற்று. இறப்பு என்ற இடத்தில் முதல் மாதத்திலிருந்தே பூஜ்யம். அங்கே யாரையும் சாக அவள் விடுவதில்லை.

வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அப்பா முதல் வரியில் இருக்கிறார். அது நியாயம்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நான் எந்த வரியிலும் இல்லை. அதுதான் குறை.

இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே மரியாதை என் உத்தியோகத்தால் வந்தது. மக்கள் தொகை அலுவலகத்தில் அட்டவணை சரிபார்ப்பவன் நான். மற்றவர்கள் வீடு வீடாகப் போய் எண்ணிக்கொண்டு வரும் தலைகளைப் பத்தொன்பது வருடமாகக் குறுக்கும் நெடுக்கும் கூட்டிப் பார்க்கிறேன். ஓர் எண் இடித்தால் எனக்குச் சோறு இறங்காது. இது தெரிந்த பிறகு மாதாமாதம் நோட்டு என்னிடம் வர ஆரம்பித்தது. வெளிநாட்டு நிபுணர் என்ற முறையில்.

போன மாதம் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன், எனக்கும் குடியுரிமை கிடைக்குமா என்று.

"மனு எழுதிக் குடுங்க. பாக்கலாம்," என்றாள்.

எழுதினேன். குழாய் ஒழுகினால் சரிசெய்யத் தெரியும். சைக்கிளுக்குக் காற்றடிப்பேன். குறட்டை உண்டு. யாருடைய இடத்தையும் கேட்கவில்லை. நிரந்தரமாகத் தங்க உத்தேசம்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மேலே 'பரிசீலனையில்' என்று எழுதி நோட்டுக்குள் செருகிக்கொண்டாள். அந்தச் சொல்லை அலுவலகங்களில் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

இன்று நோட்டைத் திறந்ததும் முதலில் அதைத்தான் தேடியிருக்க வேண்டும். தொழில் புத்தி விடுமா? கண் நேராக மொத்தத்தில் போய் விழுந்துவிட்டது.

பிழை எங்கே என்று பார்க்கப் போன மாதப் பக்கத்தைத் திருப்பினேன். ஆண்கள் நூற்று எண்பத்தேழு.

இந்த மாதம் ஓர் ஆண் கூடியிருக்கிறான்.

'புதிதாகக் குடியேறியவர்கள்' என்ற வரிக்கு வந்தேன். ஒருவர். பக்கத்தில் பொடி எழுத்தில்: குழாய் வேலை தெரிந்தவர்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சமையலறையில் என் மனைவி ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்துவிட்டாள். பத்து நாளாக நான் போடும் காப்பியின் வாசனையே அவளுக்கு ஆகவில்லை. நானும் இரண்டு கடை மாற்றித் தூள் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

அத்தோடு நோட்டை மூடியிருக்கலாம். சந்தோஷமாக எழுந்து போயிருக்கலாம். ஆனால் உதைத்த கணக்கு உதைத்தபடியே இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. மொத்தத்துல மட்டும் ஒண்ணு கூட வருது. என்னை ரெண்டு தடவை சேத்துட்டியோ?"

அவள் சமையலறை வாசலைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் முக்கால் உடம்பைச் சாய்த்து என் காதருகே வந்தாள்.

"தப்பில்ல. அந்த ஆள் ஆணா பெண்ணான்னு இன்னும் தெரியாது. அதான் மொத்தத்துல மட்டும் போட்டேன். அம்மா என்கிட்டதான் மொதல்ல கேட்டாங்க, வரட்டுமான்னு. நான் சரின்னுட்டேன். நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு வந்து உங்ககிட்ட சொல்வாங்க."

நான் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினேன்.

"கணக்கெடுப்புல சொன்னத வெளிய சொல்லக் கூடாது," என்று விரலை ஆட்டினாள். அந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் காப்பித் தம்ளரை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, கணக்கு சரியா வந்துச்சா?"

நான் பேனாவை எடுத்தேன். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் முதல் முறையாக, கூட்டல் உதைக்கும் ஓர் அட்டவணைக்குக் கீழே, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.