பொங்க விடாத அடுப்பு

கேஸ், இண்டக்‌ஷன் என்று கடையில் இருந்த அத்தனையையும் தள்ளிவிட்டு, பாலைப் பொங்கவே விடாத அந்தப் புது அடுப்பைத்தான் தமயந்தி பிடிவாதமாக வாங்கினாள். பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் சூட்டைக் குறைக்கும், கேட்டால் பேசவும் செய்யும். என்ன காரியம் செய்துவைத்தோம் என்பது பால் காய்ச்சும் அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

மதுரைச் சொந்தமெல்லாம் புது வீட்டுச் சமையலறையில் நெருக்கியடித்து நின்றது. பால் விளிம்புவரை ஏறியது, அடக்கமாக இறங்கியது. மறுபடியும் அப்படியே. மாமியாரின் முகம் சுண்டிப்போனது.

"என்னத்தா இது, புது வீட்டுல பால் பொங்கி வழியலைன்னா எப்படி?"

தமயந்தி அடுப்பிடம் குனிந்தாள். "இன்னைக்குப் பொங்க விட்ருப்பா. எங்களுக்கு அதான் சந்தோஷம்."

"வழிஞ்சா சந்தோஷமா?" என்று கேட்டது அடுப்பு.

"ஆமாப்பா."

சூடு ஏறியது. நுரை குபுகுபுவென்று எழும்பி நாலாபக்கமும் வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னாப் புரிஞ்சுக்குதே, கெட்டிக்கார அடுப்புத்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் காப்பிக்குப் பாலை வைத்துவிட்டுத் தமயந்தி நிம்மதியாக அந்தப் பக்கம் திரும்பினாள். சுர்ரென்று சத்தம். மேடையெல்லாம் பால்.

"சந்தோஷமா?" என்று ஆவலாகக் கேட்டது அடுப்பு.

திட்ட வாயெடுத்தவளுக்கு மனம் வரவில்லை. கையில் கைப்பிடித் துணியோடு, தனியாக நின்று குலவையிட்டாள்.