பச்சை விளக்கு எரியும்வரை

கலை எட்டாத தெருவுக்குத்தான் கலைக்கூடம் கட்ட அரசு நிதி. தெருமுனைக் கம்பத்தில் மாட்டியிருக்கும் கேட்புக்கருவி இன்று சாயங்காலம்வரை ஒரு பாட்டையும் பிடிக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் பச்சை விளக்கு எரியும்; பிடித்தால் நிதி வேறு தெருவுக்குப் போய்விடும். மகளிர் குழுத் தலைவி பூமயில் தாலாட்டைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள்.

விடியற்காலையில் அவள் தம்பி செத்துப்போனான். தம்பி மனைவி அஞ்சலை மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசாவே..." என்று இழுத்ததும், பூமயில் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"ராகம் போடாத அஞ்சல. வெறுமனே அழுவு."

"வெறுமனே அழுவ எனக்குத் தெரியாது அண்ணி," என்று விரல்களுக்கிடையே முனகினாள் அஞ்சலை.

மேளமில்லாமல், ஒப்பாரியில்லாமல் மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பூமயில் ஓடிவந்தாள்.

"நிதி கெடச்சிடுச்சி. இப்போ பாடு அஞ்சல."

பிணம் போன வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிரவில்லை.

"அவரத்தான் எடுத்துட்டுப் போயாச்சே அண்ணி."