துண்டில் ஒரு முடிச்சு

மனைவி சுகந்தியின் அக்காள் கணவர் ஞானவேல் வீட்டு டிவியை, யாரும் பார்க்காத நேரத்தில் தங்கப்பாண்டி தன் தோள்துண்டால் அளந்து, அகலம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் சுகந்தி படம் பார்க்க அங்கே போய்விடுகிறாள். அங்கே அவள் சிரிக்கும் சிரிப்பை அவர் தன் வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை. கடையில் ஒவ்வொரு டிவியின் மேலும் அவர் துண்டைப் பிடித்துப் பார்ப்பதை விற்பனைப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். பிறகு, “சார், டிவிய மூலைக்கு மூலைதான் அளப்பாங்க” என்றாள்.

“நீ எப்படி வேணா அளந்துக்கம்மா. முடிச்சத் தாண்டி நாலு விரக்கடையாவது இருக்கணும்.”

இருந்தது. சுவரில் மாட்டியதும் சுகந்தி அதன் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அந்த ஞாயிறு அவள் எங்கும் போகவில்லை. படத்தில் காமெடி வந்தபோது தங்கப்பாண்டி திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிக்காமல் போனை எடுத்து அக்காளைக் கூப்பிட்டாள். “அங்கயும் இந்தப் படந்தானே ஓடுது? அத்தான்ட்ட குடேன்.” போனுக்குள் ஞானவேல் அந்தக் காமெடி நடிகர் மாதிரியே இழுத்து இழுத்து ஏதோ பேசினார். சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கப்பாண்டி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். திரையின் அடியில் பச்சைக்கோடு கடைசிவரை போய் நின்றது. சுகந்தி மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, “ம், சொல்லுங்கத்தான்” என்றாள்.